காதுக்குள் ஓர் உப்பளம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? வழியில் மரக்காணம் வரும். சாலையோரத்தில் சதுரம் சதுரமாகப் பாத்திகள் தெரியும். அவற்றில் ஆழமில்லாத நீர் பளபளக்கும். வரப்புகளின் மேல் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் நிற்கும்.

அடுத்த முறை போகும்போது உப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே உள்ள இரும்பையும் பாருங்கள். வேலிக் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, கதவின் கீல், கடைப் பலகையின் திருகாணி என எதைத் தொட்டாலும் கையில் செம்மண் நிறத் தூள் ஒட்டும். உள்நாட்டில் இருக்கும் திண்டிவனத்தில் பல ஆண்டுகள் உழைக்கும் கம்பி இங்கே விரைவில் இற்றுப் போகிறது. கடற்காற்று சுமந்து வரும் உப்புதான் இதற்குக் காரணம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இந்த உப்புக் காற்றுக்குள் அண்மைக் காலத்தில் ஒரு புதிய பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் விடியற்காலையில் கடற்கரைச் சாலைகளில் ஓடுகிறார்கள். அவர்களில் பலருடைய காதுகளில் ஒரு சிறு பொருள் செருகியிருக்கும். அதற்கு வயர் கிடையாது. அதுதான் கம்பியில்லா இயர்போன். பேருந்தில் பள்ளிக்கு வரும் மாணவர்களின் காதுகளிலும் அதைப் பார்க்கிறோம்.

உப்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதன் விலை பல நாள் கூலி. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். மாதக் கணக்கில் வேலை இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய இயர்போன் எட்டு மாதத்தில் வாயடைத்துப் போனால் எவ்வளவு வருத்தமாக இருக்கும்! “மலிவுச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதைக் கொன்றது யார்? இந்தக் கேள்விக்கு இயற்பியலிலும் வேதியியலிலும் விடை தேடுவோம்.

வயர் போயிற்று, வேறு இரண்டு வந்தன

வயர் உள்ள பழைய இயர்போன் பெரும்பாலும் எப்படிக் கெடும்? செருகியின் அருகில், வயர் அடிக்கடி மடங்கும் இடத்தில் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி அறுந்துவிடும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பல முறை வளைத்தால் அது ஒடிந்துவிடுகிறது அல்லவா? அதே உலோக அயர்ச்சிதான் அங்கும் நடக்கிறது.

கம்பியில்லா இயர்போனில் வயர் இல்லை. ஆகவே அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் வயர் இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. பாட்டுக்கான மின்குறிகளைக் கொண்டுவந்தது ஒன்று. ஒலிப்பானை இயக்கும் ஆற்றலைக் கொண்டுவந்தது மற்றொன்று. வயரை எடுத்துவிட்டால் இந்த இரண்டு வேலைகளையும் வேறு யாராவது செய்தாக வேண்டும்.

முதல் வேலையை வானொலி அலைகள் ஏற்றுக்கொண்டன. ‘புளூடூத்’ என்ற முறையில் இவை ஏறத்தாழ 2.4 கிகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செல்கின்றன. இவற்றின் அலைநீளம் சுமார் 12 செ.மீ. இந்த அலைகளை நீர் நன்றாக உறிஞ்சும். நம் உடலிலும் பெரும்பகுதி நீர்தான். கைபேசியைப் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டு ஓடினால் உடல் குறுக்கே நின்று அலைகளைத் தடுக்கும். பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கைபேசியை மேற்கையில் கட்டிக்கொண்டால் சரியாகிவிடலாம்.

இரண்டாவது வேலையை ஏற்றுக்கொண்டது ஒரு குட்டி மின்கலம். அது தீர்ந்தால் மறுபடியும் மின்னேற்றம் செய்ய வேண்டும். அதற்காக இயர்போனின் உடலில் இரண்டு அல்லது மூன்று சிறிய உலோகப் புள்ளிகளை வைத்திருக்கிறார்கள். சார்ஜ் பெட்டிக்குள் இயர்போனை வைத்ததும் பெட்டியில் உள்ள ஊசிமுனைகள் இந்தப் புள்ளிகளைத் தொடும், மின்னோட்டம் பாயும்.

ஆக, ஒரு பலவீனம் போய் இரண்டு பலவீனங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, வெளியே தெரியும் உலோகத் தொடுமுனை. மற்றொன்று, உள்ளே அடைபட்டுக் கிடக்கும் மின்கலம். இயர்போனின் ஆயுளைப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

வியர்வை எவ்வளவு உப்பு?

தொடுமுனையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வியர்வையில் இருக்கும் உப்பு ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக லிட்டருக்கு 1 கிராமிலிருந்து 5 கிராம் வரை இருக்கலாம். கடல்நீரோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்குதான். “அப்படியானால் வியர்வையால் பெரிய கேடு வராதே!” என்று நீங்கள் கேட்கலாம்.

இங்கேதான் மரக்காணத்து உப்பளம் நமக்குப் பாடம் சொல்கிறது. பாத்திக்குள் வரும் உவர்நீரில் உப்பு குறைவாகத்தான் இருக்கிறது. வெயிலும் காற்றும் நீரை ஆவியாக்குகின்றன. உப்பு ஆவியாவதில்லை. நீர் குறையக் குறையக் கரைசல் அடர்த்தியாகிறது. நூறு கிராம் கரைசலில் உப்பு சுமார் 26 கிராம் ஆகும்போது அது தெவிட்டிய கரைசல். அதற்கு மேல் நீர் குறைந்தால் உப்பு படிகமாகப் பிரிந்து பாத்தியின் தரையில் படியும். பல ஏக்கர் பரப்பில் நடக்கும் இந்த வேலை உங்கள் காதில் உள்ள இயர்போனின் மேலும் நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள வியர்வைத் துளி ஒன்று தொடுமுனையின் மேல் தங்குகிறது என்று கொள்வோம். தெவிட்டிய உப்புக் கரைசலில் லிட்டருக்கு சுமார் 317 கிராம் உப்பு இருக்கும். அப்படியானால் துளி காய்ந்து காய்ந்து முதலில் இருந்ததில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அது தெவிட்டிய கரைசலாகிவிடுகிறது. அப்போது அது கடல்நீரைப் போல ஒன்பது மடங்கு உப்புள்ளது. நீர்த்த வியர்வையாக வந்தது கடலைவிடக் கடுமையான உப்புநீராக மாறிவிட்டது. நாள்தோறும் ஓடினால் நாள்தோறும் இந்தப் பாத்தியில் ஒரு படிவு உப்பு சேரும்.

இரவில் நடப்பது என்ன?

“முழுவதும் காய்ந்துவிட்டால் வெறும் உப்புத்தானே? காய்ந்த உப்பு உலோகத்தை அரிக்காதே!” என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. அரிமானம் நடக்க ஈரம் வேண்டும். காய்ந்த உப்பில் அயனிகள் நகர முடியாது.

ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீராவியை இழுத்துத் தானே கரைந்துவிடும். இதற்கு நீர்த்துக் கரைதல் என்று பெயர். மழைக்காலத்தில் வீட்டு உப்புச்சாடியில் உப்பு நீர்விட்டுப்போவதை அம்மாவிடம் கேளுங்கள். கடையில் வாங்கும் கல்லுப்பு இன்னும் விரைவாகக் கசியும். அதில் மக்னீசியம் குளோரைடு சிறிது கலந்திருப்பதே காரணம். அது சுமார் 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும்.

கடற்கரை ஊர்களில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் பெரும்பாலும் 75 விழுக்காட்டுக்கு மேல்தான் இருக்கும். ஆகவே காலையில் ஓடி முடித்து, துடைக்காமல் பெட்டியில் போட்ட இயர்போனின் மேல் காய்ந்திருக்கும் உப்பு இரவில் மறுபடியும் ஈரமாகிறது. நீங்கள் தூங்கும்போதும் அரிமானம் தூங்குவதில்லை.

செய்து பாருங்கள்: இரண்டு சிறு தட்டுகளில் ஒரு தேக்கரண்டி கல்லுப்பும் ஒரு தேக்கரண்டி தூளுப்பும் தனித்தனியே வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் இரும்பு ஆணியைப் படுக்க வையுங்கள். மூன்றாவது தட்டில் ஆணியை மட்டும் வையுங்கள். மழை நாட்களில் சன்னலோரமாக ஒரு வாரம் வைத்திருந்து, நாள்தோறும் காலையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆணி முதலில் துருப்பிடிக்கிறது?

ஐந்து வோல்ட் செய்யும் வேலை

ஆணியில் நடப்பதைவிட இயர்போனில் நடப்பது இன்னும் மோசம். ஏனென்றால் இயர்போனின் தொடுமுனைகளில் மின்னழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. பெட்டிக்குள் வைத்ததும் இரண்டு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 5 வோல்ட் தரும் பெட்டிகள் பல உண்டு. முனைகளுக்கு இடையே உள்ள தூரம் சில மில்லிமீட்டர்தான். நடுவே உப்பு ஈரம் படர்ந்திருந்தால் என்ன ஆகும்?

உங்கள் பாடப் புத்தகத்தில் மின்பகுப்பு என்ற பாடம் இருக்கும். இரண்டு மின்வாய்கள், நடுவே அயனிகள் உள்ள கரைசல், வெளியே ஒரு மின்கலம். இங்கே எல்லாமே தயாராக இருக்கின்றன! நீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். இங்கே இருப்பது 5 வோல்ட். ஆகவே எதிர்முனையில் ஹைட்ரஜன் வெளியேறும். நேர்முனையில் உள்ள உலோகம் அயனியாகிக் கரையத் தொடங்கும்.

தொடுமுனைகளின் மேல் தங்கமுலாம் பூசுவது வழக்கம். தங்கம் எளிதில் அரிக்கப்படாது. ஆனால் முலாம் மிக மெல்லியது. ஊசிமுனை உரசி உரசி அதில் நுண்ணிய துளைகள் விழும். அடியில் இருப்பவை நிக்கலும் செம்பும். அந்தத் துளை வழியாக உப்புநீர் உள்ளே புகுந்துவிட்டால், தங்கமும் செம்பும் சேர்ந்து ஒரு குட்டி மின்கலம் ஆகிவிடுகின்றன. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் வினைத்திறன் மிகுந்த உலோகம் கரையும் என்பது வோல்டா காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. இங்கே தங்கம் தப்பித்துக்கொள்ளும், செம்பு பலியாகும்.

எங்கள் ஆய்வகத்துக்கு மாணவர்கள் வேலை செய்யாத இயர்போன்களைக் கொண்டுவருவதுண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பலவற்றில் ஒரே காட்சிதான்: தொடுமுனையைச் சுற்றிப் பச்சை நிறப் படிவு. அது செம்பின் உப்பு. இது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் மின்னேற்றம் நடக்காது. உள்ளே ஒலிப்பான் நன்றாக இருக்கும். மின்கலமும் நன்றாக இருக்கும். ஆனாலும் கருவி செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். தொடுமுனையை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாலே உயிர்பெற்று எழுபவையும் அவற்றில் உண்டு.

செய்து பாருங்கள்: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். இரண்டு டார்ச் மின்கலங்களைத் தொடராக இணைத்து, முனைகளிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகளை எடுங்கள். கம்பி நுனிகளை ஒன்றையொன்று தொடாமல் முதலில் வெறும் நீரிலும், பிறகு உப்புநீரிலும் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். எங்கே குமிழிகள் மிகுதி? எந்தக் கம்பியைச் சுற்றிக் கலங்கல் தோன்றுகிறது? காற்றோட்டமான இடத்தில், ஆசிரியரோ பெரியவரோ உடனிருக்கும்போது செய்யுங்கள். டார்ச் மின்கலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

பாம்பனில் பார்த்த பகைவன்

இந்தப் பகைவனோடு தமிழ்நாடு நீண்ட காலமாகப் போராடி வருகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுவது நூறாண்டுக்கும் மேல் நடந்த ஓயாத வேலை. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் அரிமானத்தைத் தடுக்கும் சிறப்பு வண்ணப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்டது. மண்டபத்தில் இந்நிறுவனத்துக்கு ஓர் அரிமானச் சோதனை நிலையம் உண்டு. பலவகை உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வெட்டவெளியில் வைத்து, அவை எவ்வளவு எடை இழக்கின்றன என்று அங்கே அளக்கிறார்கள். பாலத்தை அரிக்கும் வினையும் இயர்போனின் ஊசிமுனையை அரிக்கும் வினையும் அடிப்படையில் ஒன்றுதான். பாலத்துக்கு வண்ணம் பூச ஆட்கள் இருக்கிறார்கள். இயர்போனுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பெட்டியின் மேல் ஓர் எண்

கடையில் இயர்போன் வாங்கும்போது “இது வாட்டர்ப்ரூஃப், வியர்வை பட்டால் ஒன்றும் ஆகாது” என்று சொல்வார்கள். பெட்டியின் மேல் ‘ஐ.பி.எக்ஸ் 4’ அல்லது ‘ஐ.பி.எக்ஸ் 5’ என்று எழுதியிருக்கும். இதற்கு என்ன பொருள்?

இது ஒரு சர்வதேசத் தர எண். ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளுக்குப் பிறகு இரண்டு இடங்கள் உண்டு. முதல் இடம் தூசியைப் பற்றியது. 0 முதல் 6 வரை. இரண்டாவது இடம் நீரைப் பற்றியது. முதல் இடத்தில் ‘எக்ஸ்’ என்று இருந்தால் தூசிக்கான தரம் குறிப்பிடப்படவில்லை என்று பொருள். அது நல்ல மதிப்பெண்ணும் அல்ல, கெட்ட மதிப்பெண்ணும் அல்ல. அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் பட்டியலில் இடமே இல்லை என்பதுபோல! மணலும் உப்புத் தூளும் பறக்கும் ஊரில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

நீருக்கான எண் 4 என்றால், எல்லாப் பக்கங்களிலிருந்தும் தெளிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால், நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பாயும் நீர்த்தாரையைத் தாங்கும். 7 என்றால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தாங்கும்.

இப்போது முக்கியமான செய்தி. இந்தச் சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை. கடல்நீரிலோ வியர்வையிலோ அல்ல. புதிய கருவியை வைத்துச் செய்யப்படுபவை. ஓராண்டு ஓடி உழைத்த கருவியை வைத்து அல்ல. நீர் உள்ளே புகுகிறதா என்று மட்டுமே அவை பார்க்கின்றன. வெளியே இருக்கும் தொடுமுனை அரிக்கப்படுமா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. உப்பைத் தாங்கும் திறனைச் சோதிக்க வேறு முறை இருக்கிறது. 35 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் 5 விழுக்காடு உப்புக் கரைசலைப் பனிமூட்டம்போலத் தெளித்து, மணிக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு உப்புத் தெளிப்புச் சோதனை என்று பெயர். அதில் தேறியதாகப் பெட்டியில் எழுதியிருந்தால்தான் அது உப்பைப் பற்றிய உறுதி.

அதோடு, நீர் பட்டுக் கெட்டுப்போனால் உத்தரவாதம் செல்லாது என்று உத்தரவாத அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. வாங்கும் முன்பே அதைப் படியுங்கள்.

அடைபட்ட மின்கலம்

இனி இரண்டாவது பலவீனம். இயர்போனுக்குள் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்க வழிவகுத்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மின்கலம் ஒவ்வொரு முறை காலியாகி நிறையும்போதும் சிறிது தேய்கிறது. காலியாகி நிறைவதை ஒரு சுற்று என்போம். பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு அதன் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 விழுக்காடாகக் குறையும். கைபேசிக்கும் இதே விதிதான். ஆனால் இயர்போனின் மின்கலம் மிகச் சிறியது. அதனால் அதற்குச் சுற்றுகள் விரைவாகச் சேர்ந்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக, 40 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் 5 மணி நேரம் பாடும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காலை ஓட்டத்தில் ஒரு மணி, பேருந்தில் போக வர இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என்று 5 மணி நேரம் கேட்கிறார். நாளுக்கு ஒரு சுற்று ஆகிவிட்டது. 500 நாளில், அதாவது ஓர் ஆண்டு நான்கரை மாதத்தில், 5 மணி நேரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். அதன் பிறகு தேய்மானம் தொடரும்.

கழுத்தில் மாட்டும் பட்டை வகையை எடுத்துக்கொள்வோம். அதில் இடம் அதிகம். 150 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் வைத்து 20 மணி நேரம் பாட வைக்கலாம். அதே மனிதருக்கு நான்கு நாளைக்கு ஒரு சுற்றுதான் ஆகும். 500 சுற்று முடிய 2,000 நாள். ஐந்து ஆண்டுக்கும் மேல்! மின்கலம் சும்மா கிடந்தாலும் வயதாகும் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. இருந்தாலும் எது நெடுநாள் உழைக்கும் என்பது புரிகிறது அல்லவா? அதோடு, அதை வயர் செருகி மின்னேற்றுகிறோம். செருகும் துளைக்கு ரப்பர் மூடியும் இருக்கும். வியர்வை படும் திறந்த ஊசிமுனைகள் அதில் இல்லை.

மின்கலத்தின் மற்றொரு பகைவன் வெப்பம். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு பொதுக் கணிப்பு. உச்சி வெயிலில் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள்ளும், மூடிய காரின் முன்பலகையிலும் வைத்த இயர்போன் பாட்டுப் பாடாமலே கிழடாகிறது. முழுதாக மின்னேற்றிய நிலையில் வெப்பத்தில் கிடந்தால் தேய்மானம் இன்னும் அதிகம்.

பெரும்பாலான இயர்போன்களில் மின்கலத்தை மாற்ற முடியாதபடி பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். மாற்ற முடியும்படி செய்ய முடியாதா? முடியும். நெதர்லாந்து நாட்டின் ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024-இல் மின்கலத்தை நாமே மாற்றிக்கொள்ளும்படியான இயர்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விலையா, மதிப்பா?

விலையை மட்டும் பார்த்து வாங்குவதும், விலை உயர்ந்தது நெடுநாள் உழைக்கும் என்று நம்புவதும் ஒரே வகைப் பிழைதான். விலையை உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உண்மையான விலை.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் இயர்போன் 8 மாதம் உழைத்தால் மாதத்துக்கு 125 ரூபாய். 3,000 ரூபாய் இயர்போன் 24 மாதம் உழைத்தாலும் அதே 125 ரூபாய்தான். 10,000 ரூபாய் இயர்போன் அதே 24 மாதம் உழைத்தால் ஏறத்தாழ 417 ரூபாய். 1,200 ரூபாய்க் கழுத்துப்பட்டை 30 மாதம் உழைத்தால் 40 ரூபாய். 400 ரூபாய் வயர் இயர்போன் 20 மாதம் உழைத்தால் 20 ரூபாய்.

இப்போது முதல் வரியை மறுபடியும் பாருங்கள். அந்த 1,000 ரூபாய் இயர்போனைத் துடைத்துப் பாதுகாத்து 8 மாதத்தை 16 மாதமாக ஆக்கினால் மாத விலை 62 ரூபாய் 50 காசாகிவிடும். செலவு என்ன? ஒரு துண்டுத் துணியும் நாளுக்கு ஒரு நிமிடமும்தான்.

ஒரு நிமிட வேலை

ஓடி முடித்ததும் இயர்போனை அப்படியே பெட்டியில் போடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியை நல்ல நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, இயர்போனைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் காய்ந்த உப்பு முழுவதும் போகாது. உப்பைக் கரைத்து எடுக்க நீர் வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நிழலில் கால் மணி நேரம் காற்றாட வைத்து, அதன் பிறகு பெட்டியில் வையுங்கள். ஈரம் இருக்கும்போது 5 வோல்ட் சேரக் கூடாது என்பதுதான் இதன் உட்பொருள்.

வாரம் ஒரு முறை பெட்டிக்குள் இருக்கும் ஊசிமுனைகளையும் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஒலி வரும் வலையில் காதழுக்கும் உப்பும் அடைத்துக்கொண்டால் சத்தம் குறையும். மென்மையான தூரிகையால் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நனைந்த கருவியை அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. ஈரம் போகலாம், உப்பு அங்கேயே இருக்கும். இரவு வந்தால் அது மறுபடியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பைத் துடைப்பதுதான் மருந்து.

மின்கலம் உப்பியதுபோல் தோன்றினால் அதைக் குத்தவோ பிரிக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பெரியவர்களிடம் சொல்லி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

சாலையில் ஓடும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். லாரியின் ஒலிப்பானைவிட எந்தப் பாட்டும் முக்கியமல்ல. சத்தத்துக்கும் அளவு உண்டு. சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரமே வரம்பு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இயர்போனை மாற்றலாம், காதை மாற்ற முடியாது.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓடும் ஒருவரும் மரக்காணத்தில் ஓடும் ஒருவரும் ஒரே மாதிரி இயர்போன் வைத்திருக்கிறார்கள். இருவரும் துடைப்பதில்லை. யாருடைய தொடுமுனை முதலில் பச்சையாகும்? ஏன்?

2. சார்ஜ் பெட்டிக்குள் இயர்போனை வைத்ததும், முனைகளுக்கு இடையே ஈரம் இருக்கிறதா என்று பெட்டி தானே அறிந்து மின்னழுத்தத்தை நிறுத்த வேண்டும். இதற்கு ஒரு சுற்று வரைய முடியுமா? உப்புநீரின் மின்தடையைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டில் உள்ள இயர்போன், டார்ச், மிதிவண்டி ஆகியவற்றின் விலையையும் அவை உழைத்த மாதங்களையும் கேட்டு எழுதி, மாத விலையைக் கணக்கிடுங்கள். எது மலிவு?

மூன்றாவது கேள்விக்கான விடையை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரே பட்டியலாக எழுதுங்கள். கடற்கரையோரம் வசிப்பவர்களின் எண்களையும் உள்நாட்டில் வசிப்பவர்களின் எண்களையும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். உப்புக் காற்று உங்கள் வீட்டில் எவ்வளவு கூலி வாங்குகிறது என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.